65 லட்சம் என்றார்கள், 84 லட்சம் ஆனது

பழைய மாமல்லபுரம் சாலையில் சோழிங்கநல்லூரைத் தாண்டித் தெற்கே போனால், நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் வரை இரு பக்கமும் புதுக் குடியிருப்புகளின் விளம்பரப் பலகைகள். கண்ணில் முதலில் படும் பெரிய எழுத்து சதுர அடி விலைதான். வீடு வாங்கக் கிளம்பும் குடும்பமும் அந்த ஓர் எண்ணை மனதில் வாங்கிக்கொண்டுதான் பேரத்துக்குப் போகிறது. "சதுர அடிக்கு ஒரு முந்நூறு ரூபா கொறைங்க சார்" என்று ஆரம்பிக்கிறார்கள். விற்பனைப் பிரிவு இளைஞர் கால்குலேட்டரைத் தட்டுகிறார். "எம்.டி. கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன் சார்" என்று உள்ளே போகிறார். திரும்பி வந்து ஐம்பது ரூபாய் குறைத்திருப்பதாகச் சொல்கிறார். வந்தவர்கள் மகிழ்ந்துபோய் அட்வான்ஸுக்குச் செக் எழுதுகிறார்கள். பில்டருக்கு இதைவிட வசதியான பேரம் கிடையாது. அவர் விட்டுக்கொடுக்கக் கூடிய பணமெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது.

அது காஸ்ட் ஷீட்டில் இருக்கிறது. விலை பேசி முடித்தபிறகு, எழுந்து கிளம்பும் நேரத்தில், ஒற்றைத் தாளாகக் கையில் கொடுப்பார்களே, அதில்தான். பேரம் தொடங்க வேண்டியதே அந்தத் தாளை மேசைமேல் விரித்துவைத்துக்கொண்டுதான்.

கணக்குக்காக ஒரு ஃபிளாட்டை எடுத்துக்கொள்வோம். ஏழாவது மாடி, இரண்டு பெட்ரூம், விற்பனைப் பரப்பு 1,000 சதுர அடி, சதுர அடி 6,500 ரூபாய். ஆக 65 லட்சம். இனி தாளின் அடுத்த வரிகள். மூன்றாம் மாடியிலிருந்து மாடி ஒன்றுக்கு சதுர அடிக்கு 30 ரூபாய் ஃப்ளோர் ரைஸ் என்றால் ஏழாவது மாடிக்கு 150 ரூபாய். அது ஒன்றரை லட்சம். கார் பார்க்கிங் மூன்றரை லட்சம். கிளப் ஹவுஸ் ஒன்றரை லட்சம். மின் இணைப்பு, குடிநீர், கழிவுநீர் இணைப்பு எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம். இதுவரை 73,50,000 ரூபாய். கார்ப்பஸ் ஃபண்ட் 50,000, இரண்டு வருட மெயின்டனன்ஸ் முன்பணம் 96,000, பத்திரம் தயாரிக்கும் வக்கீல் கட்டணம் 25,000. கட்டுமானம் முடியாத ஃபிளாட் என்பதால் 73,50,000 மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 3,67,500. பதிவுச் செலவு 7 சதவீதம் 5,14,500. கூட்டினால் 84,03,000 ரூபாய் வருகிறது.

எண்கள் இடத்துக்கு இடம் மாறும், வரிகளின் பெயரும் மாறும். ஆனால் 65 லட்சம் 84 லட்சமாக வளரும் இந்த விதம் சென்னையில் புது ஃபிளாட் வாங்கிய எல்லோருக்கும் பழக்கமானது. அந்த 1,000 சதுர அடியில் சுவருக்குள் நிற்கக் கூடிய கார்பெட் ஏரியா 700 என்று வைத்துக்கொண்டால், உள்ளே கால் வைக்கும் ஒவ்வொரு சதுர அடிக்கும் கொடுத்தது 12,004 ரூபாய். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரேரா கார்பெட் ஏரியாவைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது: வெளிச்சுவர், பால்கனி, சர்வீஸ் ஷாஃப்ட் சேராது, உள்சுவர்கள் சேரும். இரண்டு மூன்று திட்டங்களை ஒப்பிடுகிறவர்கள் மொத்தத் தொகையைக் கார்பெட் ஏரியாவால் வகுத்துப் பார்த்துவிட்டால் போதும், எது மலிவு என்ற கேள்விக்குப் பல நேரம் பதில் தலைகீழாகிவிடும்.

தாளில் உள்ள வரிகள் எல்லாம் ஒரே மாதிரி இளகுவதில்லை. ஜிஎஸ்டியும் பதிவுச் செலவும் அரசுக்குப் போகிறவை, பில்டர் நினைத்தாலும் குறைக்க முடியாது. கார்ப்பஸ் ஃபண்டைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதும் வீண்தான். அது பின்னாளில் குடியிருப்போர் சங்கத்தின் கைக்கு வரவேண்டிய பணம், லிஃப்ட் மாற்றவும் வெள்ளை அடிக்கவும் தேவைப்படும். ஃப்ளோர் ரைஸ், பார்க்கிங், கிளப் ஹவுஸ் மூன்றும் பில்டர் தன் இஷ்டத்துக்கு வைத்த எண்கள். எல்லாவற்றையும்விட இளகிய இடம் இவைதான். மின் இணைப்பு, குடிநீர் இணைப்புக்கு அவர் கேட்பது மொத்தமாக ஒரு தொகை. "ஆக்சுவல் என்னவோ அதை ரசீதோட குடுங்க, அதைக் கட்டிடறோம்" என்று கேட்டால் மறுக்கக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். மெயின்டனன்ஸ் முன்பணத்தைச் சாவி வாங்கும் தேதியிலிருந்து கணக்கிடச் சொல்லலாம். பார்க்கிங் விஷயத்தில் ஒரு கூடுதல் பிடி உண்டு. திறந்தவெளி பார்க்கிங் எல்லோருக்கும் பொதுவான இடம் என்பதே ரேராவின் வரையறை. அதைத் தனியாக விலை போட்டு விற்க முடியாது.

ரேட்டைக் குறைக்க பில்டர் ஏன் அவ்வளவு தயங்குகிறார் என்பது புரிந்துவிட்டால் பேரமே சுலபமாகிவிடும். அவரிடம் இன்னும் நாற்பது ஃபிளாட் விற்காமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குச் சதுர அடிக்கு 300 ரூபாய் குறைத்தால் போவது மூன்று லட்சம்தான். அந்தச் செய்தி வெளியே கசிந்து மற்றவர்களும் அதே ரேட் கேட்டால் 1 கோடியே 20 லட்சம். ஏற்கெனவே வாங்கியவர்கள் வாட்ஸாப் குழுவில் கொதிப்பார்கள். அடுத்த பிளாக்கின் விலையை உயர்த்தி அறிவிக்க முடியாது. அதனால்தான் ரேட்டில் கல்லாக நிற்பவர் மூன்றரை லட்ச ரூபாய் பார்க்கிங்கை ஒரே பேச்சில் விட்டுத்தருகிறார். அமெரிக்காவில்கூட 2022-இல் வீட்டுக்கடன் வட்டி 7 சதவீதத்தைத் தொட்டபோது, லெனார், டி.ஆர். ஹார்ட்டன் போன்ற பெரிய கட்டுமான நிறுவனங்கள் வாங்குபவரின் வட்டியில் ஒரு பகுதியைத் தாங்களே வங்கிக்குக் கட்டி விற்பனையைத் தக்கவைத்துக்கொண்டன. அறிவித்த விலையைக் காப்பாற்றுவது உலகம் முழுக்க இந்தத் தொழிலின் குணம்.

அதனால் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "எல்லாம் சேர்த்து, சாவி கைக்கு வர்ற வரைக்கும் எவ்வளவு?" பில்டர் ரேட்டை அப்படியே வைத்துக்கொள்ளட்டும், எந்த வரியில் குறைத்தாலும் சரி, கடைசிக் கூட்டுத்தொகை எத்தனை லட்சம் இறங்குகிறது என்று மட்டும் பார்த்தால் போதும். அவருக்கும் முகம் காப்பாற்றப்படுகிறது.

ஆனால் விலைக்கு மாற்றாகப் பொருள் கொடுக்க வரும்போது கவனம் வேண்டும். மாடுலர் கிச்சன், மூன்று ஏசி, அட்சய திருதியைக்குத் தங்கக் காசு என்று வரிசையாக வரும். "ரெண்டு லட்ச ரூபா கிச்சன் ஃப்ரீ மேடம்" என்பார்கள். அதே இரண்டு லட்சத்தை விலையில் குறைத்தால் ஜிஎஸ்டியில் 10,000, பதிவுச் செலவில் 14,000 கூடவே குறையும். கடன் தொகையும் இரண்டு லட்சம் குறையும். எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடக் கடன் என்றால், அந்த இரண்டு லட்சத்துக்கான மாதத் தவணை ஏறத்தாழ 1,736 ரூபாய். முழுக் காலத்துக்கும் கட்டுவது 4 லட்சத்து 16 ஆயிரத்துக்கு மேல். கிச்சனை வெளியே ஒரு ஆசாரியை வைத்துச் செய்தால் பில்டர் சொல்லும் மதிப்பு நிற்குமா என்பதை விலை விசாரித்த எவரும் சொல்லிவிடுவார்கள்.

சில இடங்களில் ஒரே ஒரு லட்சத்தைக் குறைத்தால் மூன்று லட்சம் மிச்சமாகும். இதைத் தெரிந்து வைத்திருக்கும் குடும்பங்கள் மிகக் குறைவு. 2019 ஏப்ரல் 1 முதல், கட்டுமானத்தில் இருக்கும் ஃபிளாட்டுக்குப் பொதுவான ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆனால் சென்னை போன்ற பெருநகரத்தில் கார்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 645 சதுர அடிக்குள் இருந்து, பார்க்கிங் முதலிய எல்லாம் சேர்ந்த விலை 45 லட்சத்தைத் தாண்டாமல் இருந்தால் 1 சதவீதம் மட்டுமே. ஆவடி, அம்பத்தூர் பக்கம் 46 லட்சத்துக்கு ஒரு சின்ன ஃபிளாட் வந்தால் வரி 2 லட்சத்து 30 ஆயிரம். அதையே 45 லட்சத்துக்குப் பேசி முடித்தால் 45,000. விலையில் ஒரு லட்சம், வரியில் 1 லட்சத்து 85 ஆயிரம், ஆக 2 லட்சத்து 85 ஆயிரம் மிச்சம். பில்டருக்கு நஷ்டம் ஒரு லட்சம்தான், மீதியை விட்டுக்கொடுப்பது அரசு. "உங்களுக்கு ஒண்ணு, எனக்கு மூணு" என்று இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் பெரும்பாலும் படிந்துவிடும்.

பதிவுச் செலவிலும் இப்படி ஒரு படி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் 1 முதல் புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு, நிலத்தின் பாகத்தையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே கூட்டு மதிப்பில் பதிவு செய்கிறார்கள். 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 6 சதவீதம். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். 51 லட்சத்தில் நிற்கும் ஃபிளாட்டை 50-க்கு இறக்கினால் பதிவில் மட்டும் 57,000 ரூபாய் குறைகிறது.

கட்டி முடித்து, நிறைவுச் சான்றும் வாங்கிவிட்ட ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. "ரெடி டு ஆக்குபை" வீட்டைத் தேடுகிறவர்கள் இதற்காகவே அதிகம். பில்டருக்கும் இது தெரியும், அதனால் முடிந்த வீட்டின் ரேட்டைக் கொஞ்சம் ஏற்றியே வைத்திருப்பார். ஆனாலும் பேரத்தில் வாங்குகிறவர் கை ஓங்கும் இடம் இதுதான். விற்காத வீடு பில்டரின் முதலை முடக்குகிறது, திட்டத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது, காலி வீட்டுக்கும் மெயின்டனன்ஸ் அவர் தலையில் விழுகிறது. இவை போதாதென்று வருமான வரிச் சட்டத்தில் ஒரு நெருக்கடி. நிறைவுச் சான்று வாங்கிய நிதியாண்டு முடிந்து இரண்டு வருடத்துக்கு மேல் விற்காமல் கிடக்கும் வீட்டுக்கு, வாடகைக்கே விடாவிட்டாலும், வாடகை வருவதாகக் கணக்கிட்டு பில்டரிடம் வரி கேட்பார்கள். நிறைவுச் சான்றின் தேதியைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அந்த இரண்டு வருடம் எப்போது முடிகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் பேச்சைத் தொடங்கும் விதமே வேறு.

கடைசியில் தேங்கும் வீடுகள் எவை என்பதையும் கவனிக்கலாம். தெற்குப் பார்த்த வாசல், ட்ரான்ஸ்ஃபார்மரையோ கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தையோ பார்த்த பால்கனி, மேற்கு வெயில் நேராக அடிக்கும் படுக்கையறை. வாஸ்து பார்க்காத குடும்பத்துக்குத் தெற்கு வாசல் ஒரு குறையே இல்லை, தென்றலும் வரும். ஆனால் பின்னாளில் விற்கப் போகும்போது வருகிறவர் வாஸ்து பார்ப்பார் என்பதையும் சேர்த்தே விலை பேச வேண்டும்.

மாதமும் கணக்கில் வரும். ஆடியில் நம் ஊரில் வீட்டுப் பேச்சை எடுக்கவே பலர் யோசிப்பார்கள். விற்பனை அலுவலகத்தில் ஈ ஆடும். அந்த நேரத்தில் போகிறவருக்கு எம்.டி.யே நேரில் வந்து காபி வாங்கிக் கொடுப்பார். குடும்பப் பெரியவர்கள் மனம் நோகாமல் இருக்க வேண்டுமானால், ஆடியில் விலையைப் பேசி, ஆடிப்பெருக்கு அன்று அட்வான்ஸ் கொடுத்து, ஆவணியில் பத்திரம் போடலாம். மார்கழியும் அப்படித்தான். நிதியாண்டு முடியும் மார்ச் கடைசி வாரம் பெரிய நிறுவனங்களிடம் பேச நல்ல காலம். விற்பனைப் பிரிவினருக்கு இலக்கு எட்டும் அவசரம் இருக்கும். தை பிறந்த வாரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று தள்ளுபடி கேட்பது பலன் தராது.

பேரத்துக்குப் போகுமுன் கையில் இருக்க வேண்டியது தகவல். அதுவும் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் அந்தத் திட்டம் நிற்கும் சர்வே எண்ணைப் போட்டால் வில்லங்கச் சான்றைப் பார்க்கலாம். நில அடமானம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் அதை எல்லோரும் எடுக்கிறார்கள். அதில் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்று இரண்டு எண்கள் இருக்கும். முன்பெல்லாம் நிலத்தின் பாகத்தை மட்டும் ஒரு பத்திரமாகவும், கட்டுமான ஒப்பந்தத்தைத் தனியாகவும் பதிந்ததால், பக்கத்து வீட்டுக்காரர் மொத்தம் எவ்வளவு கொடுத்தார் என்று இதில் தெரியாது. கூட்டு மதிப்பில் பதிவு தொடங்கியபின் போட்ட பத்திரங்களில் முழு விலையும் வருகிறது. மூன்றாம் மாடி ஃபிளாட் போன மாதம் எவ்வளவுக்குக் கிரயமானது என்று தாளில் பார்த்துவிட்டு வந்தவரிடம், "இதுக்குக் கீழ யாருக்கும் குடுத்ததில்ல சார்" என்ற வசனம் எடுபடாது.

இன்னொன்று தமிழ்நாடு ரேராவின் இணையதளம். திட்டத்தின் பதிவு எண், அங்கீகரித்த வரைபடம், முடித்துத் தருவதாகச் சொன்ன தேதி எல்லாம் அங்கே இருக்கும். எத்தனை ஃபிளாட் புக் ஆகியிருக்கிறது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில்டர் அங்கே பதிய வேண்டும் என்பது சட்டம். "அஞ்சே அஞ்சு யூனிட்தான் சார் பாக்கி" என்று சொன்னது உண்மைதானா என்று சரிபார்க்கலாம். கட்டி முடித்த குடியிருப்பு என்றால் இன்னும் எளிய வழி, இரவு எட்டரை மணிக்குப் போய் எதிரே நின்று விளக்கு எரியும் ஜன்னல்களை எண்ணுவது. அப்படியே வாசலில் காவலுக்கு இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசினால், தினம் எத்தனை தண்ணி லாரி உள்ளே வருகிறது என்பது தெரிந்துவிடும். பழைய மாமல்லபுரம் சாலையில் நிறைய குடியிருப்புகள் இன்னும் லாரித் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. மாதாந்திர மெயின்டனன்ஸில் அதன் பாரம் விழும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதையும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கையைக் காட்டிச் சொல்வார்கள். இவை எல்லாமே விலை பேசும்போது எடுத்துவைக்க வேண்டிய விஷயங்கள்.

யாரிடம் பேசுகிறோம் என்பதில் சென்னைக்கே உரிய ஒரு வழி இருக்கிறது. இங்கே நிறைய கட்டடங்கள் ஜாயின்ட் வென்ச்சரில் எழும்புபவை. நிலம் ஒருவருடையது, கட்டுகிறவர் இன்னொருவர், முடிந்ததும் வீடுகளைப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். நில உரிமையாளரின் பங்குக்கு நாலு ஃபிளாட் வந்திருக்கும். பெண் கல்யாணத்துக்கோ பையன் படிப்புக்கோ ஒன்றிரண்டை விற்க நினைப்பார். அவருக்கு ரேட்டைக் காப்பாற்றும் கவலை கிடையாது, விற்பனை அலுவலகம் வைத்து நடத்தும் செலவும் இல்லை. அதே கட்டடத்தில் அதே அளவு வீடு அவரிடம் குறைந்து கிடைக்கும். பங்குப் பிரிவினை ஒப்பந்தத்தில் அந்த ஃபிளாட் எண் அவர் பெயரில்தான் இருக்கிறதா என்று வக்கீலை வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

நங்கநல்லூர், ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் போன்ற இடங்களில் ஆறு வீடு, எட்டு வீடு கட்டும் சின்ன பில்டர்களிடம் பேரம் முற்றிலும் வேறு தினுசு. காஸ்ட் ஷீட் எல்லாம் இருக்காது. சைட்டில் செங்கல் அடுக்குக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரே உட்கார்ந்திருப்பார். அவருக்கு வேண்டியது, கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் கொடுக்கப் பணம், சரியான நேரத்தில். "அண்ணே, லோன் சாங்ஷன் ஆயிடுச்சு. ரெண்டாவது ஸ்லாப் போடறதுக்குள்ள பாதித் தொகை வந்துடும். எவ்வளவு கொறைப்பீங்க?" என்று கேட்பவருக்கு அவர் இறங்கி வருவார். நிலம் 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்குள் இருந்தாலோ ரேராவில் பதிய வேண்டிய கட்டாயம் கிடையாது. ஆகவே அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. மூலப்பத்திரம், பட்டா, அங்கீகார வரைபடம் எல்லாவற்றையும் இரண்டு மடங்கு கவனத்தோடு பார்க்க வேண்டும்.

பெரிய நிறுவனத்துக்குப் போனால், வாசலிலேயே ஒரு படிவம் நீட்டுவார்கள். பெயர், போன் நம்பர், "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?" அந்தக் கடைசிக் கேள்விக்குப் பணமதிப்பு உண்டு. புரோக்கரோ விளம்பர இணையதளமோ அனுப்பியவர் என்றால் விலையில் ஒரு பங்கு கமிஷனாகப் போகும். யார் மூலமும் வராமல் நேரே வந்தவர் அந்தக் கமிஷனைத் தள்ளுபடியாகக் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே அங்கே வாங்கிய நண்பர் இருந்தால் அவருக்குப் பரிந்துரைத் தொகை தருவார்கள். அதையும் விலையில் கழிக்கச் சொல்லலாம். ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் நாலைந்து பேர் சேர்ந்து போய்ப் பேசுவதும் ஐடி நிறுவனங்களில் நடக்கிற வழக்கம்தான்.

2025 செப்டம்பர் 22 முதல் பேச இன்னொரு நியாயமும் சேர்ந்திருக்கிறது. சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 5 சதவீத முறையில் ஃபிளாட் விற்கும் பில்டர், பொருள் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. ஆக அந்தக் குறைப்பு நேராக அவர் செலவைக் குறைக்கிறது. அதற்கு முன்பு விலை நிர்ணயித்த திட்டத்தில் இன்னும் கான்கிரீட் வேலை பாக்கி இருந்தால், அதைக் கேட்டே ஆக வேண்டும்.

எல்லாத் தள்ளுபடியும் தள்ளுபடி ஆகாது. மிகக் குறைந்த ரேட் கிடைப்பது ப்ரீ-லாஞ்ச் என்ற பெயரில். ரேராவில் பதிய வேண்டிய திட்டத்தைப் பதியுமுன் விளம்பரம் செய்வதும் புக்கிங் வாங்குவதும் சட்டப்படி குற்றம். அங்கீகாரம் வராத கட்டடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதைவிடச் சதுர அடிக்கு 300 ரூபாய் அதிகம் கொடுப்பது எவ்வளவோ மேல்.

"வீடு முடியற வரைக்கும் இ.எம்.ஐ. நாங்க கட்டறோம்" என்பது இரண்டாவது. டெல்லியைச் சுற்றியுள்ள நொய்டா, குருகிராம் பகுதிகளில் இதை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடன் வாங்கின. வங்கி முழுத் தொகையையும் பில்டருக்குக் கொடுத்துவிட்டது, பில்டர் கொஞ்ச காலம் தவணை கட்டிவிட்டு நிறுத்திவிட்டார், கட்டடமும் பாதியில் நின்றது. வங்கி வந்து தட்டியது கடன் வாங்கியவரின் வாடகை வீட்டுக் கதவை. கட்டுமானம் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதற்கேற்பவே பணம் விடுவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லியிருந்தது. 2025-இல் உச்ச நீதிமன்றம் இந்த விவகாரத்தை சிபிஐ விசாரணைக்கே அனுப்பியது.

மூன்றாவது, ரொக்கம். "கொஞ்சம் கேஷா குடுத்தீங்கன்னா ரேட் பாத்துப் பண்ணலாம் சார்." சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடுத்திருக்கிறது. அதைவிட முக்கியமானது, நாளை திட்டம் நின்றுபோய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது பத்திரத்தில் ஏறாத தொகைக்கு எந்த ஆதாரமும் இருக்காது. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. வழிகாட்டி மதிப்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் விலை இறங்கினால், வித்தியாசத்துக்கு விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் வருமான வரி கேட்கும் நிலை வரலாம்.

நான்காவதைக் கண்டுபிடிப்பது கடினம்: நிலத்தில் வரும் பாகத்தைக் குறைத்துவிட்டு ரேட்டைக் குறைத்ததாகச் சொல்வது. யுடிஎஸ் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பிரிக்கப்படாத பாகம்தான் பத்திரத்தில் வாங்குகிறவருக்கு நிலமாக வருவது. கட்டடம் பழசாக ஆக மதிப்பு குறையும், நிலம் ஏறும். 2019-இல் வந்த கட்டட விதிகளின்படி சாதாரண அடுக்குமாடிக்கு நிலத்தைப் போல இரண்டு மடங்கு பரப்பு கட்டலாம், உயரமான கட்டடத்துக்கு 3.25 மடங்கு. அதனால் நாலு மாடிக் கட்டடத்தில் கிடைக்கும் பாகம் இருபது மாடிக் கட்டடத்தில் கிடைக்காது, அது இயல்பு. ஒரே மாதிரியான இரண்டு கட்டடங்களில் ஒன்றில் மட்டும் பாகம் வெகுவாகக் குறைந்திருந்தால், அங்கே கிடைத்த தள்ளுபடிக்குப் பணம் கொடுத்தது வாங்கியவரேதான்.

பேசி முடித்தது எல்லாம் எழுத்தில் ஏறும்வரை பேரம் முடிந்ததாகக் கொள்ள முடியாது. விற்பனைப் பிரிவில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். இன்று "பார்க்கிங் ஃப்ரீ, நான் பாத்துக்கறேன்" என்று தலையாட்டியவர் ஆறு மாதத்தில் வேறு நிறுவனத்தில் இருப்பார். திருத்திய காஸ்ட் ஷீட்டை நிறுவனத்தின் முத்திரை, கையெழுத்தோடு வாங்கிக்கொள்ள வேண்டும், வாய்ப்பேச்சை அன்று மாலையே மின்னஞ்சலாக எழுதி அனுப்பிவிட வேண்டும். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது என்கிறது ரேரா. அந்த 10 சதவீதம் கொடுக்குமுன்பே ஒப்பந்த வரைவைக் கேட்டு, வீட்டுக்கு எடுத்துப்போய், வரிவரியாகப் படிக்க வேண்டும். கார்பெட் ஏரியா, யுடிஎஸ், சாவி தரும் தேதி, தள்ளுபடிக்குப் பிந்தைய மொத்த விலை எல்லாம் அதில் இருந்தாக வேண்டும். கடைசித் தவணையைச் சாவி வாங்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளப் பேசுவதும் நல்லது. ஒழுகும் குழாயும் ஓதம் ஏறிய சுவரும் அப்போது சீக்கிரம் சரியாகும். பேசி வாங்கியது கார் பார்க்கிங் என்றால், தரைத்தள வரைபடத்தில் அதன் எண்ணை வட்டமிட்டு, இரு தரப்பும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு, ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பதிந்துவிட வேண்டும்.